பெட்டியின் எடை

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு மீன் வியாபாரியும் அவர் மனைவியும் இருந்தார்கள். மனைவி மகளின் பேறுகாலத்துக்காகக் கட்டார் போகிறார். விமானத்தில் கையோடு கொண்டுபோகும் சிறு பெட்டி கணவரின் மடியில் இருந்தது.

"ஏழு கிலோதானே விடுவாங்க. சரியா நிறுத்தீங்களா?"

"மீன்வாடித் தராசில போட்டுப் பாத்தன். ஒம்பது. பெட்டிக்கு ரெண்டு கழிச்சா ஏழு."

"பெட்டிக்கு ஏன் கழிச்சீங்க?"

"மீன் நிறுத்தா கூடயக் கழிக்கிறதுதானே."

"நான் என்ன மீனா? பெட்டியும் சேத்துத்தான் ஏழு. கூடினா எயார்போட்டில வெளிய எடுக்கச் சொல்லுவாங்க. பெரிய பெட்டியிலயும் இடமில்ல."

அவர் பெட்டியைத் திறந்து, மேலே இருந்த பொதியைத் தொட்டார்.

"அது மகள் புள்ள பெத்தா குடுக்குற சரக்குத்தூள். எடுக்க வேணாம்."

"அப்ப இந்தக் கருவாடு?"

"மருமகன் ஆசப்பட்டுக் கேட்டது."

அடியிலிருந்து இடுப்பில் உடுக்கும் ஒரு நைந்த சாரத்தை அவர் வெளியே இழுத்தார்.

"இது என்ட பழைய சாரம். இத ஏன் வெச்ச?"

மனைவி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூணு மாசம் அங்க தனியப் படுக்கோணும். அது இருந்தா நித்திர வரும்."

அவர் சாரத்தை மடித்து உள்ளே வைத்தார். கருவாட்டுப் பொதியை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டார்.

"மருமகன் கேட்டா?"

"மாமா திண்டுட்டாரெண்டு சொல்லு."