பிரிக்காத பெட்டி

— கத்தாதீங்க. பேசிக்கிட்டுத்தானே இருக்கேன், பேசுறவ உயிரோடதான இருப்பா?

— எனக்கு உன் காலு மட்டும்தான் தெரியுது. டமார்னு ஒரு சத்தம், பாதித் தையல்ல மெஷினை விட்டுட்டு ஓடியாந்தேன். என்ன ஆச்சு?

— பழைய ஜாக்கி ஆயிலைக் கக்கிட்டு உக்காந்துடுச்சு. கார் இறங்கிடுச்சு.

— இறங்கிடுச்சுன்னா? உன் மேலயா?

— என் மேல இறங்கியிருந்தா புருஷன்கிட்ட இப்படி வாயாடுவேனா? ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் முட்டுக் குடுத்திருந்தேன். அதுதான் தாங்கிக்கிட்டு நிக்குது.

— எந்த ஸ்டாண்ட்?

— போன மாசம் வாங்கினேன்ல. நாலு காலு வச்ச இரும்புக்கு இவ்வளவு விலையா, இதுக்கு நாலு செங்கல் போதாதான்னு ஊரைக் கூட்டினீங்களே, அதேதான்.

— நான் செங்கல்லுன்னா சொன்னேன்?

— செங்கல்லுன்னுதான் சொன்னீங்க. பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொன்னீங்க.

— என் வாயில மண்ணு விழ. நல்லவேளை, நீ என் பேச்சைக் கேக்கல. கை காலெல்லாம் அசையுதா?

— அசையுது. ஆனா அந்த நிமிஷம் செத்தேன்னுதான் நினைச்சேன். இன்னும் நெஞ்சு அடங்கல. சைலன்சர் என் மூக்குக்கு நேரா நிக்குது.

— அப்படியெல்லாம் சொல்லாதம்மா. எப்படியாவது நகர்ந்து வெளிய வா.

— எப்படி வர்றது? வண்டியைத் தூக்கினாத்தானே? நான் வாங்கியாந்த அந்தப் புது ஜாக்கியைக் கொண்டாங்க.

— புதுசா?

— புதுசுதான். எங்க அது?

— ஸ்கூட்டர்ல கட்டி வச்சிருக்கேன். மத்தியானம் கடையில திருப்பிக் குடுத்துடலாம்னு. பழசுதான் நல்லாருக்கேன்னு...

— பழசு எவ்வளவு நல்லாருக்குன்னு கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.

— போறேன், போறேன். நீ அசையாத. ஏதாவது பேசிக்கிட்டே இரு, உன் சத்தம் என் காதுல விழுந்துக்கிட்டே இருக்கணும்.

— என்னத்தைப் பேச? அந்த பேங்க்காரர் சட்டைக்கு காலர் கோணலா வச்சிருக்கீங்க. நேத்தே சொல்லணும்னு இருந்தேன்.

— அதை இப்பத்தான் சொல்லணுமா?

— பேசச் சொன்னது நீங்கதானே, டெய்லரே.

— இந்தா, வந்துட்டேன். யப்பா, என்ன கனம். பெட்டி மேல பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கியிருக்கான். வெட்டக் கத்தி எங்க வச்சிருக்க?

— உங்க கையில கத்தரி இருக்கே.

— இதுலயா? துணியைத் தவிர வேற எதையும் தொடாத கத்தரிம்மா இது. பட்டையில வச்சா வாய் போயிடும்.

— அதோட விலையை நான் ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? சரி விடுங்க, நான் இங்கயே படுத்துக்கிறேன். ராத்திரிக்குத் தலகாணி மட்டும் தள்ளி விடுங்க.

— வெட்டிட்டேன். போனாப் போகுது கத்தரி. அட்டையைப் பதமா மடிச்சு ஓரமா வைக்கவா?

— எதுக்கு மடிக்கிறீங்க? கிழிங்க. உறையையும் சேத்துக் கிழிங்க, நேரமில்ல.

— கிழிச்சாச்சு. இதை எங்க குடுக்கணும்? எனக்கு ஊசி எங்க குத்தும்னுதான் தெரியும்.

— பின்பக்கம் நடுவுல உருண்டையா ஒரு இரும்பு தெரியுதா? அதுக்கு அடியில உருட்டுங்க. அப்புறம் கைப்பிடியை மேலயும் கீழயும் அடிங்க. தலையை வெளியவே வச்சுக்குங்க.

— அட, வெண்ணெயில கத்தி இறங்குற மாதிரி இறங்குது. பழசை அடிச்சா தோள்பட்டை கழண்டுடும். இதுல கனமே தெரியலையே.

— காசு எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா?

— தெரியுது, தெரியுது. நீ பேசிக்கிட்டே இரு. ஏன் நிறுத்திட்ட? ஏய், என்ன ஆச்சு?

— போதும், கையை எடுங்க. மெதுவா நிமிருங்க.

— உன் குரல் எனக்குப் பின்னாடி கேக்குதே.

— பின்னாடிதான் நிக்கிறேன்.

— அம்மாடி. வா இப்படி, முகத்தைக் காட்டு. இது ரத்தமா?

— கிரீஸ். அழாதீங்க. அளவு டேப்பால கண்ணைத் தொடைக்காதீங்க, அதுல சாக்பீஸ் தூள் இருக்கு.

— இவ்வளவு நேரம் எனக்கு மூச்சே இல்ல. நீ இல்லாத வீட்ல நான் என்னத்தைப் பண்ணுவேன்? இனிமே நீ தங்கத்துல ஸ்பேனர் வாங்கினாக்கூட ஏன்னு கேக்க மாட்டேன்.

— சொன்ன சொல் மாறக் கூடாது.

— மாற மாட்டேன். ஆனா ஒண்ணு. ஜாக்கி தலை இப்பத்தான் போய் அந்த இரும்பைத் தொட்டுச்சு. வண்டி ஒரு நூல்கூட ஏறல. நீ எப்படி வெளிய வந்த?

— போன வழியாத்தான். ஸ்டாண்ட் பிடிச்சதுல வண்டி அரை இஞ்சுகூட இறங்கல, நீங்க ஓடி வந்தப்பவே எழுந்து வெளிய வந்திருப்பேன். பிரிச்ச பெட்டியைக் கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டான்ல, அதான் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.