நாலாவது தட்டு

என் முழுப் பெயரையும் தகப்பனார் பெயரையும் காவல் நிலைய எழுத்தர் மேலே உள்ள கட்டத்தில் எழுதிக்கொண்டார். திரையரங்கில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, டார்ச் அக்கா என்று கேட்க வேண்டும். வயது நாற்பத்து மூன்று. திரையரங்கின் பின்சந்தில், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில், கணவரோடும் கல்லூரியில் படிக்கும் மகளோடும் குடியிருக்கிறேன். டிக்கெட் கிழித்து, டார்ச் அடித்து, ஆட்களை அவரவர் இருக்கையில் உட்கார வைக்கும் வேலையைப் பதினொரு வருடமாகச் செய்து வருகிறேன். என்னை யாரும் மிரட்டியோ கெஞ்சியோ அனுப்பவில்லை. இன்று வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

இந்தத் திருட்டு வழக்கில் நேற்று மாலையிலிருந்து பிடித்து வைக்கப்பட்டிருக்கும் லிஃப்ட் மெக்கானிக்கை எனக்கு மூன்று வருடமாக முகம் தெரியும். அவர் எனக்குச் சொந்தமும் இல்லை, விரோதியும் இல்லை. எந்தப் பேய்ப்படம் வந்தாலும் முதல் நாள் மதியக் காட்சிக்கு நீலச் சீருடையோடும் கருவிப் பையோடும் தனியாக வருவார். கடைசி வரிசையில் ஓர இருக்கைதான் வேண்டும் என்பார். நான் நிற்கும் பின்கதவுக்கும் அந்த இருக்கைக்கும் இரண்டு எட்டுதான் தூரம்.

பேய்ப்படம் என்றால் எனக்கும் தனி உற்சாகம் என்பதை மறைக்கவில்லை. அந்த நாட்களில் விடுப்பு எடுக்க மாட்டேன், என்னோடு இதே வேலை செய்யும் மற்றவளின் நேரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்வேன். சிரிப்புப் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே படியிறங்குவார்கள். பேய்ப்படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முன்பின் தெரியாதவர்களின் தோளைத் தட்டிப் பேசுவார்கள், நீங்கள் கத்தினீர்கள், இல்லை நீங்கள்தான் கத்தினீர்கள் என்று சண்டை போட்டுச் சிரிப்பார்கள், கல்யாண வீடு மாதிரி இருக்கும். அன்று கூட்ட வேண்டிய பாப்கார்ன் மற்ற நாளைவிட இரண்டு மடங்கு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி எழுத்தர் இந்த இடத்தில் சொன்னார். சரி என்றேன்.

நேற்று புதன்கிழமை புதுப்படம் ஒன்று வெளியானது. ஊரில் எங்கள் திரையரங்கில் மட்டும்தான், அதிலும் முதல் காட்சியே மதியம் இரண்டரை மணிக்குத்தான். பேய்ப்படத்துக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பயம் உச்சிக்கு ஏறும் நேரத்தில் நான் டார்ச் அடித்தாலோ கதவைத் திறந்தாலோ எல்லாம் கெட்டுவிடும், ஆட்கள் என்னைத்தான் வைவார்கள். அதனால் ஆபரேட்டர் காலையில் படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, அந்த நேரங்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். நேற்றைய சீட்டில் இருந்தவை 2.58, 3.19, 3.52. சீட்டை ஆய்வாளரிடம் ஒப்படைத்துவிட்டேன். அதன் பின்புறம் இருக்கும் காய்கறிக் கணக்கு என்னுடையது, அதற்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை.

இரண்டு இருபத்தைந்துக்கு மெக்கானிக் வந்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். படம் தொடங்கி அந்தப் பெண் பழைய வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும், அவர் வழக்கம்போல் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் கண்ணைப் பொத்திக்கொண்டார். இதைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். அவர் எந்தப் பேய்ப்படத்தையும் பார்ப்பதே இல்லை. டிக்கெட் வாங்கி உள்ளே வந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், அவ்வளவுதான். முதல் வருடம் இது என்ன கூத்து என்று நினைத்தேன், பிறகு பழகிவிட்டது.

மூன்று நாற்பதுக்கு இடைவேளை முடிந்தது. அதன் பிறகு மூன்று ஐம்பத்திரண்டுக்கு வரும் காட்சியில், பெண் கட்டிலில் படுத்திருக்க, அறைக்கதவு தட்டப்படுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் சத்தமே இல்லை. நாலாவது தட்டு திரையிலிருந்து வரவில்லை, எங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பதினொரு வருடமாகப் பின்னந்தலைகளை மட்டுமே பார்த்து வந்த என்னை, அந்த ஒரு நொடி முந்நூறு முகங்கள் பார்த்தன. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. எல்லோரும் கண்ணை அகல விரித்துக்கொண்டு திரும்பினார்கள். மெக்கானிக் ஒருவர்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டே திரும்பினார். அதனால்தான் அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்தார் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக்கின் மனைவி, நிலையத்தில் கணவர் கொடுத்த பாதி டிக்கெட்டோடு திரையரங்குக்கு வந்து, கைபேசியில் அவர் படத்தைக் காட்டி, நேற்று இவரைப் பார்த்தீர்களா அக்கா என்று கேட்டு அழுதார். கணவர் நேற்று ஒரு மணி வரை லிஃப்ட் பழுதுபார்த்த அடுக்குமாடியில், ஐந்தாம் மாடி வீட்டில் மூன்றரைக்கும் நாலுக்கும் இடையில் பூட்டை உடைத்து வளையல்களைத் திருடிவிட்டார்கள் என்றும், நீலச் சீருடைக்காரர் ஒருவரைப் படிக்கட்டில் பார்த்ததாக யாரோ சொல்ல, மாலை ஐந்தரைக்கு வீட்டுப் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் இவரைப் பிடித்துவிட்டார்கள் என்றும் சொன்னார். அந்த அடுக்குமாடிக்கும் எங்கள் திரையரங்குக்கும் பேருந்தில் முக்கால் மணி நேரம். எங்கள் இரண்டாவது காட்சி ஆறு மணிக்குத்தான், அதைக் கேட்க அவர் வெளியில் இல்லை.

அதன் பிறகு நான் இங்கே வந்தேன். டிக்கெட் இருந்தால் போதாது, படம் தொடங்கியதும் பக்கக் கதவு வழியாக நழுவிவிடலாமே என்று ஆய்வாளர் கேட்டார். நழுவலாம், அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை என்று உள்ளதைச் சொன்னேன். படத்தின் கதையைச் சொல்லச் சொன்னால், பெண் வீட்டுக்குள் போனதற்கு மேல் இவருக்கு ஒரு வரி தெரியவில்லை, இரவு முழுக்கக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை, படம் பார்த்தவன் இப்படியா இருப்பான் என்றார் ஆய்வாளர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவறுதான், மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பார்த்திருந்தால்தானே சொல்வார்.

மெக்கானிக்கை உள்ளே கூட்டி வந்து, இரும்பு பீரோவுக்கு முன்னால் உள்ள பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆய்வாளரே சாட்சி. ஒரு நிமிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, மேஜையை விரல்முட்டியால் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நிறுத்திவிட்டேன். ஆய்வாளரும் எழுத்தரும் என் கையைப் பார்த்தார்கள். மெக்கானிக்கின் கால்கள் இரண்டும் தாமாகவே பெஞ்சின் மேல் ஏறின. கண்களை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு தலையை மெதுவாகத் திருப்பி, பின்னால் இருந்த பீரோவின் பக்கம் முகத்தைக் காட்டினார்.

ஏன் திரும்பினாய் என்று ஆய்வாளர் கேட்டார்.

“நாலாவது பின்னாடிலேர்ந்துதான் வரும் சார்.”

இன்னொரு முறை தட்டும்படி ஆய்வாளர் சொன்னார். தட்டினேன். இந்த முறை மெக்கானிக்கோடு சேர்ந்து ஆய்வாளரும் பீரோவைப் பார்த்தார். அந்தப் படத்தில் வேறு என்ன சத்தம் வரும் என்று நான் கேட்கவில்லை, அவரே தொடர்ந்து சொன்னார். தண்ணீர் சொட்டுகிற சத்தம், ஊஞ்சல் சங்கிலி, யாரோ சீட்டியடித்துக்கொண்டே மாடியேறுவது, எல்லாம் வரிசை மாறாமல் வந்தன. நான் அரங்கில் கேட்டதை நினைத்துச் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன், பரீட்சை எழுதும் மகளைப் பார்ப்பதுபோல் எனக்குக் கைகால் பரபரத்தது.

இதை நேற்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று ஆய்வாளர் கோபப்பட்டார். தன் கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்தால் தன்னை லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறக்க மாட்டார்கள், பயந்தாங்கொள்ளி என்று வேலையை விட்டே தூக்கிவிடுவார்கள் என்றார் மெக்கானிக். கண்ணை மூடும் விஷயத்தை மட்டும் எழுத வேண்டாம் என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு ஏன் பேய்ப்படம் வரும்போதெல்லாம் வருகிறாய் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை, அவர் சொன்னபடியே எழுதச் சொல்கிறேன்.

“பதினாலு மாடி இருட்டுல கயித்தப் புடிச்சிட்டுத் தொங்கும்போது பயப்படக் கூடாது சார், கை நடுங்கிரும். அத்தனையும் உள்ளயே சேந்துக்கிட்டே இருக்கும். இங்க வந்து கால மேல தூக்கி வெச்சுக்கிட்டு, மொத்தத்தையும் பயந்து தீத்துட்டுப் போயிருவேன்.”

எழுத வேண்டாம் என்று அவர் கேட்டும் நான் எழுதச் சொன்னதற்குக் காரணம், எழுதாவிட்டால் அவர் வெளியே வர முடியாது என்பதுதான். அவர் மனம் வருந்தினால் எனக்கும் வருத்தமே. ஆனால் பயத்தை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று தெரிந்த ஆளைத்தான் நான் என் பிள்ளை ஏறும் லிஃப்டைத் தொட விடுவேன். என் அபிப்பிராயம் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். எழுதுங்கள் என்று ஆய்வாளர் சொன்னார்.

அதன் பிறகு, கணவரை வந்து கூட்டிப்போகும்படி மெக்கானிக்கின் மனைவிக்குத் தகவல் சொல்லி அனுப்பினார்கள். எழுத்தர் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்து, சாத்தியிருந்த அறைக்கதவைத் தட்டினார். மூன்று முறை தட்டிவிட்டு நிறுத்திவிட்டார். அறையில் இருந்த நாங்கள் நான்கு பேரும் திரும்பியது கதவுப் பக்கம் இல்லை, பீரோ பக்கம். முதலில் சிரித்தது மெக்கானிக்தான். மூன்று வருடத்தில் அவர் கண்ணைத் திறந்துகொண்டு சிரிப்பதை நான் பார்த்தது இதுவே முதல் தடவை.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னதும் எழுதியதும் ஒன்றே, அனைத்தும் நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும். இந்தப் பக்கத்தின் குறுக்கே ஓரம் வரை ஓடியிருக்கும் மைக்கோடு திருத்தமோ அடித்தலோ அல்ல, கதவு தட்டப்பட்டபோது எழுத்தரின் கை துள்ளியதால் விழுந்தது என்பதற்கும் நானே சாட்சி.

(ஒப்பம்)
டார்ச் அக்கா