நந்தியாவட்டைக்குக் கொஞ்சம் வெயில்

ஆவடி வெயிலைக் குறை சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. துணி காய்கிறது, வடாம் காய்கிறது, வேறென்ன வேண்டும்?

நானும் என் மனைவி பவித்ராவும் ஆவடி கோவில்பதாகை வீட்டில் சேர்ந்துதான் வண்ணத்தை ஊற்றிப் பூ வரையப் பழகினோம். வெள்ளையாக இருக்க வேண்டிய இதழ்களின்மேல் முதலில் ரப்பர் பால் பூசி மூடிவிட வேண்டும். பிறகு தாளை நனைத்து, கரைத்த வண்ணத்தைக் கிண்ணத்தோடு ஊற்றி, பலகையை அப்படியும் இப்படியும் சாய்த்தால் அது தன் போக்கில் ஓடும். காய்ந்ததும் ரப்பரை விரலால் தேய்த்து உரித்தால் உள்ளே வெள்ளைப் பூ. பவித்ராவுக்கு அது கைவந்த கலையாகிவிட்டது. எனக்குச் சாம்பார் கொட்டிய மேசைவிரிப்புதான் வந்தது. அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமைகள் அவ்வளவு நன்றாக இருந்தன.

பூந்தமல்லியில் ஓவிய வகுப்பு நடத்தும் சபீனா மேடம் அவள் படங்களைக் கைப்பேசியில் பார்த்துவிட்டார். பெரிதாக ஒன்று வரைந்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொன்னார். பிடித்திருந்தால் சனி, ஞாயிறு வகுப்புகளை அவளே எடுக்கலாம். பவித்ரா கேட் ஓரத்து நந்தியாவட்டையை வரைந்தாள். ஊற்றிக் காயவைத்து, மறுபடி ஊற்றி, அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சனி, ஞாயிறும் போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம்?

நான் மென்பொருள் சோதிப்பவன். எது எதில் உடையும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. ரப்பர் பால் புட்டியின் லேபிளை அவள் படித்ததில்லை, நான் படித்திருந்தேன். சூடு பட்டால் அது தாளோடு ஒட்டிக்கொள்ளுமாம்.

சனிக்கிழமை மதியம் படத்தை ஃபேனடியில் வைத்துவிட்டு, தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கிவரப் போனாள். நான் படத்தை மொட்டைமாடிக்கு எடுத்துப் போனேன். கீழ்வீட்டுக் கஸ்தூரி அக்கா அங்கே வடாம் பிழிந்துகொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, படத்தையும் காயப் போட்டுக்கினு கீற?"

சீக்கிரம் காய வேண்டும் என்றேன். நல்ல மனுஷி, வடாம் துணியைத் தள்ளிப் போட்டு வெயில் விழும் இடத்தை எனக்குக் கொடுத்தார். பவித்ரா வருவதற்குள் படம் ஃபேனடிக்குத் திரும்பி, சூடும் ஆறிவிட்டது.

மாலையில் ரப்பரை உரித்தாள். ஒவ்வொரு இதழோடும் தாளும் கிழிந்து வந்தது. அவள் அழவில்லை. விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அழுத்தித் தேச்சுட்டேன் தினா. எனக்கு இது வராது."

வராவிட்டால் என்ன, நான் இருக்கிறேன் என்றேன். தோளைத் தட்டிக்கொடுத்தபோது எனக்கே கண் கலங்கியது, பொய்யில்லை. செய்தது நான்தான் என்பதையும் மறைக்கவில்லை. அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அவள் தூரிகையைத் தொடுவதில்லை. ஞாயிறுதோறும் நான் ஊற்றுகிறேன், அவள் பலகையைப் பிடித்துக்கொள்கிறாள். போன வாரம் ஓர் இதழ் வெள்ளையாகவே வந்தது. நன்றாயிருக்கிறது என்றாள். இப்போதெல்லாம் என் படத்தைப் பார்த்து அவள் சிரிப்பதே இல்லை. நான் அவ்வளவு தேறிவிட்டேன்.