ஆறினால் ஸ்டார்ட் எடுக்கும்

கேட்டால் மட்டும் பதில் சொல்வது என் பழக்கம், ஃபாதர். வகுப்பிலும் அப்படித்தான், வீட்டிலும் அப்படித்தான். வருகிற ஞாயிறு என் அண்ணன் மகளுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நிற்க எனக்கு ஏதாவது தடை உண்டா என்று கேட்டீர்கள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். 'இல்லை' என்று எழுதப் பேனாவையும் திறந்துவிட்டீர்கள். அதைக் கொஞ்சம் மூடி வையுங்கள். பதில் நீளமானது, எஞ்சினிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் றோலண்டின் வேனை உங்களுக்குத் தெரியும். ஜப்பானில் ஓடிப் பழசாகி இங்கே வந்த வண்டி. கியர் தானாக மாறும். அது வருவதற்கு முன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நோயாளிகளைக் கொழுந்து லொறியில் ஏற்றித்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது யாருக்கு முடியாமல் போனாலும் எங்கள் லயத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

அந்த எஞ்சின் மற்ற டீசல் எஞ்சின்களைப் போன்றதல்ல. மற்றவற்றில் ஒரு பம்ப் டீசலை அழுத்தி இன்ஜெக்டருக்கு அனுப்பும். இதில் எஞ்சின் எண்ணெயையே இன்னொரு பம்ப் மிகப் பெரிய அழுத்தத்துக்கு ஏற்றுகிறது. அந்த எண்ணெய் இன்ஜெக்டரின் தலையில் அமுக்கினால்தான் டீசல் உள்ளே பாயும். எண்ணெயின் அழுத்தம் போதாவிட்டால் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், பற்றாது. டீசல் நிறைய இருக்கும், பற்றரி நன்றாக இருக்கும், ஆனாலும் பற்றாது.

வேனுக்கு வந்த நோய் இதுதான். காலையில் சாவியைத் திருப்பியதும் எடுக்கும். மலை ஏறிச் சூடான பிறகு நிறுத்தினால், சில நாட்களில் திரும்ப எடுக்காது. ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல எடுக்கும்.

நான் ஹட்டனில் கணேசமூர்த்தி அண்ணனின் கராஜில் வேலை செய்கிறேன். மாலையில் மோட்டார் மெக்கானிக் வகுப்பு. எங்களுக்குப் படிப்பிக்கும் சிவராசா சேர் யாழ்ப்பாணத்துக்காரர். வேனைப் பற்றிச் சொன்னதும் அவர் கரும்பலகையில் இன்ஜெக்டரைச் சுற்றி ஒரு வளையம் கீறினார். "குளிரில எண்ணெய் தடிப்பாய் இருக்கும், தம்பி. ரப்பர் வளையம் தேய்ஞ்சிருந்தாலும் அதுக்குள்ளால போகாது. சூடேறினால் தண்ணி மாதிரி. அப்ப ஒழுகும், அமுக்கம் ஏறாது. எஞ்சின் ஓடேக்க பம்ப் வேகமாச் சுத்துறதால சமாளிச்சுப்போடும். நிப்பாட்டினீர் எண்டால் பிறகு எடுக்காது." பிறகு சொன்னார்: "ஆனால் ஒரு சோதனையை மட்டும் நம்பாதேயும். இன்னொருக்காலும் செய்து பாரும்."

என்னைப் போன்ற சந்தேகக்காரனுக்கு அந்த அறிவுரை அவசியமே இல்லை. பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவன் நான்.

கராஜில் முதலில் ஸ்டார்ட்டர் மோட்டரை மாற்றினார்கள். பிறகு பற்றரியை மாற்றினார்கள். அன்றைக்கு அங்கே நாலைந்து சாரதிமார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "இது எண்ணெ அமுக்கம் கொறையிறதா இருக்கும்ணே. எண்ணெ அமுக்கினாத்தான் டீசல் போவும்."

கணேசமூர்த்தி அண்ணன் கையைத் துடைத்தபடி நிமிர்ந்தார். "எண்ணெ அமுக்கியா டீசல் போவுது? அப்ப நல்லெண்ணெ ஊத்துவோம், ஒடம்புக்குக் குளிர்ச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது என் அண்ணன். "வெளையாட்டா நெனைக்காதீங்க. இவரு நைட் கிளாஸ் டொக்டரு. வேனுக்கு ஊசி போட வந்திருக்காரு."

நான் வளையத்தைப் பற்றி மறுபடி தொடங்கினேன். அண்ணன் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"டேய், ஒன்னய யார்டா கேட்டா?"

அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்ததா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வரவில்லை என்றே நினைக்கிறேன். கேட்காமல் சொன்னது என் பிழை, இனிக் கேட்டால் சொல்லலாம் என்று முடிவு செய்துகொண்டேன். அது நியாயமான முடிவாகத்தான் அப்போது பட்டது.

வீட்டில் என்னைக் கேட்கிற ஒரே ஆள் பெற்றீசியா அண்ணி. வகுப்பு முடிந்து வரும்போது சோற்றை அடுப்போரம் மூடி வைத்திருப்பார். வயிற்றில் ஏழு மாதம், எட்டு மாதம் என்று ஆன பிறகும் தூங்காமல் இருந்து, "இன்னிக்கி என்னா படிச்சீங்க தம்பி?" என்று கேட்பார். ஒருநாள் எண்ணெய் அழுத்தத்தை விளக்கினேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். அவருக்கு இரத்த அழுத்தம் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். "அதுக்கும் பிரஷர், எனக்கும் பிரஷர். ரெண்டு பேத்தையும் ஒரே நாள்ல கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வர, புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

பற்றரி மாற்றிய பிறகு மழையும் குளிருமான நாட்கள். வேன் ஒருமுறைகூட எடுக்காமல் நிற்கவில்லை. நோய் தீர்ந்தது என்று அண்ணன் நம்பினார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு ஞாயிறு, பூசைக்குப் பிறகு, கழுவித் தருகிறேன் என்று சொல்லி வேனை மூடிய கராஜுக்குக் கொண்டுபோனேன். முன் சீட்டைத் தூக்கினால் கீழே எஞ்சின். அழுத்தம் அளக்கும் சென்சரைக் கழற்றி, அந்தத் துளையில் கொம்பிரசர் குழாயைப் பொருத்திக் காற்றை விட்டேன். எண்ணெய் மூடியைத் திறந்து காதை வைத்தேன். உள்ளே, கேத்தல் கொதிக்கத் தொடங்கும்போது வருகிற மாதிரி ஒரு சீறல். வளையம் போய்விட்டது.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, பெரிய ஏற்றத்தில் ஓட்டிச் சூடாக்கி வந்து நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன். எடுக்கவில்லை. ஒரு சாக்கைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து எஞ்சின் மேல் போட்டேன். ஆவி பறந்தது. இன்னொரு முறை நனைத்துப் போட்டுத் திருப்பினேன். எடுத்தது.

இதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. தவிர, ஒரு சோதனையை மட்டும் நம்பக்கூடாது அல்லவா?

அண்ணிக்கு நாள் வருவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. பகல் சாப்பாட்டு நேரம். தோட்டத்து மருத்துவச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்க வச்சிக்க ஏலாது, ஒடனே டிக்கோயாவுக்குக் கொண்டுபோங்க" என்றார். பின் சீட்டில் அண்ணியைப் படுக்க வைத்தோம், பக்கத்து வீட்டு ராசம்மா அக்கா துணைக்கு ஏறிக்கொண்டார். நான் முன்னால், அண்ணனுக்குப் பக்கத்தில். என் காலடியில் ஒரு சாக்கை மடித்து வைத்திருந்தேன். அதை ஏன் எடுத்தேன் என்று அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

தோட்டத்துப் பாதை முழுக்க ஏற்றம். அது முடிகிற வளைவில் அந்தோனியார் சொரூபம் இருக்கிறது, பக்கத்தில் மலைத் தண்ணீர் பீலியாக விழுகிறது. நீங்களே அங்கே மந்திரித்திருக்கிறீர்கள். எந்தச் சாரதியும் அந்த இடத்தை நிற்காமல் கடப்பதில்லை. அண்ணன் இன்னும் ஒரு படி மேலே. எஞ்சின் இரைச்சலோடு கும்பிடக்கூடாது என்பார். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கித்தான் மெழுகுதிரி கொளுத்துவார். மனைவியைப் பிரசவத்துக்குக் கொண்டுபோகிற நாளில் அவர் நிற்காமல் போவாரா?

'எஞ்சின நிப்பாட்டாதீங்க அண்ணே.' மூன்று சொற்கள். வாயில் வைத்திருந்தேன். வளைவு வந்தது. அண்ணன் ஓரமாக நிறுத்திச் சாவியைத் திருப்பினார். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் எண்ணத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணிக்குக் கெடுதல் நினைக்கவில்லை. வண்டி எடுக்காது, அண்ணன் ஒருமுறை என் பக்கம் திரும்பி 'என்னாடா இது' என்று கேட்பார், நான் சாக்கை நனைத்துப் போடுவேன், எடுக்கும், போய்விடலாம். சில நிமிடங்கள்தான் என்று கணக்குப் போட்டேன். சாக்குச் சோதனை இரண்டாவது முறையும் முடிந்துவிடும்.

அண்ணன் மெழுகுதிரியை ஏற்றிவிட்டு வந்தார். எஞ்சின் சுற்றியது, சுற்றியது, பற்றவில்லை. அவர் திரும்பவும் திருப்பினார். என்னைப் பார்க்கவில்லை. "எறங்குடா, சீட்டத் தூக்கு" என்றார். தூக்கினேன். "பதினாலு ஸ்பேனர எடு." எடுத்துக் கொடுத்தேன். டீசலில் காற்றுப் புகுந்திருக்கும் என்று நினைத்து பில்டரைக் கழற்றினார். கணேசமூர்த்தி அண்ணனின் குடும்பத்தையே திட்டினார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் நிறுத்தி, "மொகத மல்லி, டீசல் இவரத?" என்று கேட்டார். டீசல் தீரவில்லை, உள்ளே பிரசவ வலியில் ஆள் இருக்கிறது என்று அண்ணன் சிங்களத்தில் கத்தினார். அந்த மனிதர் எட்டிப் பார்த்துவிட்டு, முச்சக்கர வண்டி கொண்டுவருகிறேன் என்று டவுன் பக்கம் பறந்தார். தானியங்கிக் கியர் என்பதால் தள்ளியும் எடுக்க முடியாது.

"இதப் புடி, அதத் தா" என்பதைத் தவிர அண்ணன் என்னிடம் வேறொன்றும் பேசவில்லை. மெழுகுதிரி பாதிக்கு வந்திருந்தது.

அப்போது ராசம்மா அக்கா கத்தினார்: "றோலண்டு, புள்ள வருதுய்யா." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு ஒரு அழுகைச் சத்தம். சுற்றுவதற்குத் துணி கேட்டார். என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு நிமிடம் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அண்ணன் அழுதுகொண்டே சிரித்தார். ராசம்மா அக்கா சிரிக்கவில்லை. "ரத்தம் நிக்கல" என்றார். "ஏய் பெற்றீசியா, கண்ணத் தொற. தூங்காத புள்ள, என்னையப் பாரு."

அண்ணன் ஸ்பேனரைப் போட்டுவிட்டு சொரூபத்தின் முன்னால் போய் விழுந்தார். மெழுகுதிரி அடிக்கு வந்து உருகிக் கல்லில் பரவியிருந்தது. முச்சக்கர வண்டி இன்னும் வரவில்லை. எழுந்து வந்து சாவியைத் திருப்பினார். எடுத்தது. எஞ்சின் தானாகவே ஆறிவிட்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது சந்தோசம், ஃபாதர். நான் சொன்னது சரி என்ற சந்தோசம். அது எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. பின்னால் திரும்பிப் பார்க்கும்வரை இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் அண்ணியை இறக்கும்போது கை தொங்கியது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கி, அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மரண விசாரணையில் அண்ணனையும் ராசம்மா அக்காவையும் விசாரித்தார்கள். என்னிடம் பெயரும் விலாசமும் மட்டும் கேட்டார்கள். சொன்னேன்.

அந்தோனியார்தான் வேனை எடுக்க வைத்தார், புள்ளையையாவது கொடுத்தார் என்று அண்ணன் எல்லாரிடமும் சொல்கிறார். உங்களிடமும் சொல்லியிருப்பார். முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகு கொழும்பிலிருந்து அந்த ரப்பர் வளையத்தை வரவழைத்து, அவர் இல்லாத நேரத்தில் மாற்றினேன். அதற்குப் பிறகு வேன் எந்தச் சூட்டிலும் எடுக்காமல் நின்றதில்லை. அதையும் அவர் அந்தோனியாரின் கிருபை என்கிறார். என் சட்டைதான் பிள்ளைக்கு முதல் துணி, அதனால் நான்தான் ஞானத்தகப்பன் என்கிறார். உண்மையைச் சொன்னால், தான் எஞ்சினை அணைத்ததும் மெழுகுதிரி கொளுத்தியதும்தான் மனைவியைக் கொண்டுபோனது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவரை அதிலிருந்து காப்பாற்றுவதற்காகத்தான் மௌனமாக இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எவ்வளவு என்று என்னால் அளக்க முடியவில்லை.

சாக்கைப் பற்றியும் நீங்கள் யோசிப்பீர்கள். பீலி பத்தடி தூரத்தில் விழுந்துகொண்டிருந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் செய்யவில்லை என்றுதான் இவ்வளவு நேரமும் சொன்னேன். அது சரியில்லை.

மெழுகுதிரி பாதி இருக்கும்போது, பிள்ளை பிறப்பதற்கு முன், அண்ணன் வழியில் வேறு வண்டி வருகிறதா என்று பார்க்க வளைவுக்கு அப்பால் ஓடினார். நான் தூக்கிய சீட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணி தலையைக் கொஞ்சம் தூக்கினார். உதடு காய்ந்திருந்தது.

"தம்பி, நீங்க அன்னிக்கி சொன்னீங்களே, அந்த எண்ணெ. அதுதானே?"

என் ஒரு கால் வண்டிக்குள், சாக்கின் மேல் இருந்தது. அண்ணன் தூரத்தில் நின்றார். நான் சொல்லும் பதில் அவருக்குக் கேட்காது.

"தெரியல அண்ணி" என்றேன்.