சாட்டை என்று ஒரு வேர்

— காப்பி ஆறிப்போகுது பாரு. முதல்ல அதைக் குடி.

— எப்படிங்க இறங்கும்! வருஷக்கணக்கா உக்காந்து நான் எழுதின ‘வி’ எழுத்துப் பகுதி, எங்க இங்கிலீஷ் அகராதி அச்சுக்குப் போறதுக்குள்ள அடுத்த கம்பெனி அகராதியில வந்திருக்கு. அச்சு அசலா. எடிட்டர் என்னை வரச் சொல்லியிருக்கார். நான்தான் வித்துட்டேன்னு நினைக்கிறாங்க. வேலை போறதோட நிக்காது, போலீசுக்கே போவாங்களாம்.

— விடு விடு. எல்லா அகராதியிலயும் ஒரே அர்த்தம், ஒரே லத்தீன் வேர்தானே இருக்கும்? நாங்களும் லத்தீன் படிச்சோம்னு சொல்லிட்டுப் போறாங்க.

— சொல்ல முடியாதுங்க. இங்கிலீஷ்ல வெர்பேட்டிம்னு இருக்குல்ல, சொன்னது சொன்னபடின்னு அர்த்தம். அதுக்கு லத்தீன்ல வேர் வெர்பம். வெர்பம்னா சொல். அவங்க புத்தகத்துல வெர்பெர்னு போட்டிருக்கு. அது சாட்டை.

— சாட்டையா! நல்ல ஆளுங்க. தப்பாப் போட்டா அவங்க மானம்தானே போகும், உனக்கென்ன?

— அந்தத் தப்பை எழுதினது நான். வேணும்னே. எங்க தொழில்ல இது உண்டுங்க. ஒரே ஒரு பொய்யை உள்ள விட்டு வைப்போம், அச்சுக்குப் போறப்ப எடுத்துடுவோம். நடுவுல எவனாவது திருடினா அதையும் சேர்த்துத் திருடி மாட்டிக்குவான்.

— அட, அப்போ நல்லதாப் போச்சு! திருட்டுக்கு ஆதாரமே இருக்கே.

— திருட்டுன்னு தெரிஞ்சுபோச்சு. யாருங்கறதுதான் கேள்வி.

— புதுசா ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு வந்திருக்கான்னியே, அவதான். வேற யாரு?

— ஐயோ, அது வாயில்லாப் பூச்சிங்க.

— உன் புருஷன் சொல்றேன், கேளு. பாவம் புண்ணியம் பார்த்துக்கிட்டிருந்தா நீ உள்ள போவே. நம்ம புள்ளையை நினைச்சுப் பாரு. பேசாம அவ தலையில போட்டுட்டு வா.

— அந்தக் கம்பெனியில உங்க சிநேகிதர்தானே மேனேஜர்? யார் கொடுத்தாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்.

— அவனையா? அவன்கிட்ட பேசியே எவ்வளவோ நாளாச்சு. என்னை ஏன் அப்படிப் பாக்கறே?

— பயமா இருக்குங்க.

— எடிட்டரை நினைச்சா?

— அவரை நினைச்சு இல்ல. ஆபீஸ் பிரதியில வெர்பம்னு சரியாத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன். சாட்டையை நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் வெச்சிருந்தேன்.