தொட்டி வழிந்த நாட்கள்

எங்கள் தெருவில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். காலையில் தரைத்தொட்டி நிரம்பியதும் மோட்டார் போட்டு மாடித்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். அப்பா உங்கள் ஊர் கொள்ளேகாலுக்கு வராததற்கு அவர் சொன்னது மட்டும்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு இந்த மோட்டாரிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்பா மைசூர் ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருடம் எலக்ட்ரீஷியன். எந்த ஸ்விட்சை அணைத்தாலும் "ஆஃப்" என்று உரக்கச் சொல்வார். கூட இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அம்மா இருந்தவரை அடுக்களையிலிருந்தே சொல்வாள். அவள் போன பிறகு, போனில் நீங்கள் சொன்னீர்கள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

அறுபத்தெட்டு வயதில் உங்களைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அங்கேயே வந்துவிடப் போவதாக அவர் சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை. நான் படித்தவன். இங்கே மண்டி மொஹல்லா பகுதியில் இருக்கும் மாமா வீட்டார் என்ன பேசுவார்கள் என்று மட்டும் நினைத்துப் பார்த்தேன். உங்களைச் சின்னம்மா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

அந்த மாதம்தான் சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கணினி வாங்கினேன். வீட்டு ஸ்விட்சுகளைத் தொடுபலகைகளாக மாற்றி அதோடு இணைத்தேன். விளக்கு, விசிறி, மோட்டார் எல்லாம் எப்போது ஓடின, எப்போது நின்றன என்று போனிலேயே பார்க்கலாம். அப்பாதான் ஆசையாக வயர் இழுத்துக் கொடுத்தார். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு அந்தக் கணினியில் நாலு வரி நிரல் எழுதிச் சேர்த்தேன். அப்பா மோட்டாரை அணைத்துவிட்டு நடக்கப் போனதும் அது தானாக மறுபடி ஓடும். அவர் அணைத்த பதிவு அழிந்துவிடும். தொட்டி வழிந்து தெருவெல்லாம் தண்ணீர். பக்கத்து வீட்டுக் கமலம்மாள் கன்னடத்தில் திட்டினார். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் நான் செய்யவில்லை.

அப்பா வயரைத்தான் சந்தேகப்பட்டார். மூன்று முறை பிரித்துப் பார்த்தார். அப்புறம் நான் போனில் பதிவைக் காட்டினேன். பதிவேட்டில் இருப்பதுதான் உண்மை என்று வேலை பார்த்தவர் அவர்.

"வயர்ல தப்பில்ல கண்ணு," என்றார். "தப்பு எங்கிட்டத்தான்."

டாக்டரிடம் கூட்டிப் போனதும் நான்தான். மறதிக்காரனைக் கட்டிக்கொண்டு நீங்கள் சீரழிய வேண்டாம் என்று அவர் உங்களிடம் போனில் சொன்னபோது நான் அடுத்த அறையில் இருந்தேன். நான் எதுவும் சொல்லித் தரவில்லை. அவரே சொன்னார்.

அந்தக் கணினியைக் கழற்றி மூன்று மாதம் ஆகிறது. பழைய ஸ்விட்சுகளையே திரும்ப மாட்டிவிட்டேன். அப்பா எதையும் தொடுவதில்லை. விளக்கை அணைக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறார். நான் அணைத்துவிட்டு "ஆஃப்" என்கிறேன். அவர் திருப்பிச் சொல்வதில்லை.

"நெசமா அணஞ்சுதா கண்ணு?" என்று கேட்கிறார்.

வெட்கமாக இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் உங்களுக்கு எழுதினேன். எழுதியதில் மனம் கொஞ்சம் லேசாகியிருக்கிறது. அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவர் தாங்க மாட்டார், சின்னம்மா.