முறையான வாசல்

மார்காலா மலைக் காப்பிதானே ஐயா இது? விசாரணைக்கு வந்தவனுக்கும் நல்ல காப்பி. மணமே சொல்லிவிட்டது. சர்க்கரை கூடுதல், பரவாயில்லை.

நகராட்சிச் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மேலே மலையில் யூலாலியா அக்கா ஆற்றின் மட்டத்தை அளந்து அனுப்புவாள். மட்டம் மீறினால் சர்வர் கீழ்த்தெருவில் வெள்ள எச்சரிக்கைச் சங்கை ஊதவைக்கும். நான் வரும்வரை அந்தச் சர்வர் திறந்த சத்திரமாகக் கிடந்தது. வெளியாள் வழி சொன்னால் கேட்காதே என்றேன். தன் பாதையைத் தானே எழுதிக்கொண்டு வரும் தரவுப் பாக்கெட்டுகளைத் தடுத்தேன். கடைசியாக, ஒருவருக்குப் பதில் எந்த வாசல் வழியாகப் போகுமோ அதே வாசலில் அவரிடமிருந்து வராத எதையும் வீசி எறியச் சொன்னேன். இதைத் தளர்வாகவும் வைக்கலாம். தளர்வு எனக்குப் பிடிக்காது.

தணிக்கையாளர் நூற்றுக்கு நூறு போட்டார். ஞாயிறு மதியம் மேயர் கையால் சான்றிதழ். தெருவில் பலேயாதா ரொட்டி சுடும் வாசனை மாடிவரை வந்துகொண்டிருந்தபோது யூலாலியா அக்கா போன் செய்தாள்.

"தண்ணி பாலத்தத் தொட்டாச்சுடா. நான் அனுப்புறத உன் பொட்டி வாங்கவே மாட்டேங்குது."

"ரேடியோ கோபுரம் வழியா அனுப்புக்கா."

"மலை சரிஞ்சு கோபுரமே படுத்துக் கெடக்கு. சாட்டிலைட்டுலதான் அனுப்புறேன்."

"உனக்குப் பதில் கோபுரம் வழியாத்தானே போகும், அது முறையான வாசல் இல்லையே."

"வெள்ளத்துக்கிட்டயும் போய் முறை கேளுடா, வெளக்கெண்ணெ."

திட்டியது வலித்தது, மறைக்கவில்லை. திரையைப் பார்த்தேன். அவள் அனுப்பிய மட்டம் ஒவ்வொன்றும் குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் தவறான வாசலில் வருவதைச் செவ்வாய்க்கிரகத்தான் என்போம். சர்வர் அவளை அப்படித்தான் குறித்துவைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்தக் கடைசிக் கட்டளையில் ஓர் எண்ணை மாற்றித் தளர்த்தியிருந்தால் போதும். மாற்றினால் மதிப்பெண் குறையும். மேயர் அப்போதுதான் படியேறிக்கொண்டிருந்தார்.

யூலாலியா அக்கா மோட்டார் சைக்கிளில் தானே இறங்கி வந்து கீழ்த்தெருவில் கதவு கதவாகத் தட்டினாளாம். பாதித் தெரு பிழைத்தது அவளால்தான். மீதிப் பாதியோடு அவளும் வெள்ளத்தில் போய்விட்டாள். பொறுமையில்லாத பெண்.

சங்கைக் கையாலும் ஊதலாமா என்று கேட்டீர்கள். ஊதலாம். பொத்தான் என் மேசையில்தான் இருக்கிறது. அழுத்தியிருந்தால் சர்வர் தவறிவிட்டது என்றாகும். அது தவறவில்லையே, ஐயா. அதனால் சான்றிதழைப் பொத்தானின் மேல் வைத்துக்கொண்டு படத்துக்கு நின்றேன்.

நீங்களே வந்து பாருங்கள். ஊரே சேறாகிக் கிடக்கிறது. என் சர்வருக்குள் மட்டும் அனுமதியில்லாமல் ஒன்றும் நுழையவில்லை.